இசைத்தட்டின் இரண்டாம் பக்கம்

இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டை அருஞ்சுனை திரும்பத் திரும்பப் போடச் சொன்னதில், கஸ்தூரிக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது.

"இன்னும் ஒரு தடவை போட்டா நானே எந்திரிச்சு ஆடிருவேன் சார்," என்றாள். "அப்புறம் ஆபீஸ் மானம் போச்சுன்னு என்னைத் திட்டக் கூடாது."

துப்பறிவாளர் அருஞ்சுனை கண்ணை மூடியபடியே விரலை மட்டும் ஆட்டினார். மறுபடியும் என்று அர்த்தம். ஒரு காலத்தில் போலீஸ் சப் இன்ஸ்பெக்டராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு மதுரையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்த நாளிலிருந்து கஸ்தூரிதான் அவருக்கு உதவியாளர், டைப்பிஸ்ட், சந்தேகப்படுவதில் பாதிப் பங்காளி. மீதிப் பாதியை அவர் பார்த்துக்கொள்வார்.

அருப்புக்கோட்டை பஜாரில் தன் ரேடியோ ரிப்பேர் கடையில் ராஜகுரு ஊசியைத் தூக்கி, தட்டின் விளிம்பில் பதமாக வைத்தான். கொஞ்சம் கரகரப்பு, அதன் மேல் கிடாரின் கீச்சு, பிறகு டிரம். 'முள்ளுக்காட்டு ரயிலு' கிளம்பிவிட்டது.

அருப்புக்கோட்டையில் அந்தப் பாட்டைத் தெரியாத ஆள் அப்போது கிடையாது. தறிச் சத்தத்துக்கும் பஞ்சு மூட்டைக்கும் பேர் போன ஊரில், மதுரையில் காலேஜ் படித்துவிட்டு எலெக்ட்ரிக் கிடாரோடு திரும்பி வந்த ராஜகுரு, 'கரிசல் பாய்ஸ்' என்று ஒரு குழு ஆரம்பித்தான். வார்த்தை தமிழ், ஆட்டம் வெள்ளைக்கார ராக். முதலில் சிரித்தவர்கள் பிறகு பெஞ்சைத் தட்டினார்கள். திருச்சுழி ரோட்டில் இருந்த சந்திரோதயம் கொட்டகையில் மாதம் ஒரு கச்சேரி நடந்தது. கொட்டகையை இடித்துவிட்டு விசைத்தறிக் கூடம் கட்டப் போகிறார்கள் என்று முடிவானதும், கடைசிக் கச்சேரியை அப்படியே ஸ்பூல் டேப் ரெக்கார்டரில் பிடித்து, மெட்ராசுக்கு அனுப்பி இசைத்தட்டாகப் போட்டான் ராஜகுரு. உறையில் கொட்டகையின் படம். அதன் கீழே 'கடைசிக் கச்சேரி' என்று இரண்டே வார்த்தை.

அந்தக் கச்சேரி நடந்த அன்றுதான் கொட்டகை முதலாளி சீனிச்சாமி செத்துப்போனார்.

கச்சேரி நடுவில் ஊர் முழுக்கக் கரண்ட் போயிருக்கிறது. எழுபத்து மூன்றாம் வருஷத்துக் கோடையில் அது அதிசயமில்லை. கரண்ட் போவதற்கு முன்னால் மேடையின் பக்கவாட்டுப் படியில் நின்றவரைப் பல பேர் பார்த்திருக்கிறார்கள். வெளிச்சம் வந்த பிறகு யாரும் பார்க்கவில்லை. கூட்டம் கலைந்ததும் படிக்குக் கீழே கருங்கல்லில் மண்டை மோதிக் கிடந்தார். பக்கத்தில் ஒரு டிரம் குச்சி. அன்று மத்தியானம்தான் குழுவின் டிரம்காரன் சோலை, "கொட்டகையை இடிச்சா உம்மையும் இடிச்சிருவேன்" என்று பஜாரில் நாலு பேர் கேட்க அவரிடம் கத்தியிருந்தான். போலீசுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? மறுநாளே சோலையின் கையில் விலங்கு ஏறியது. இப்போது மதுரை ஜெயிலில் இருக்கிறான். கொலைக் கேஸ் செஷன்ஸ் கோர்ட்டுக்கு வந்துவிட்டது.

சோலை சொன்னது ஒன்றுதான். கரண்ட் போன பிறகும் அவன் டிரம்மை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு குச்சி கை நழுவி விழுந்தது. அந்தக் கையால் வெறுமனே தட்டிக்கொண்டே இருந்தான். கூட்டத்தில் சிலர் இருட்டில் டிரம் கேட்டதாகத்தான் முதலில் சொன்னார்கள். சிலர், அது ஜனங்கள் தகரச் சுவரைத் தட்டிய சத்தம் என்றார்கள். நாளாக ஆக எல்லோருக்குமே சந்தேகம் வந்துவிட்டது.

பாட்டு பாதியைத் தாண்டியபோது, எங்கோ தூரத்தில் ஸ்பின்னிங் மில் சங்கு ஊதுவது தட்டில் கேட்டது. ரயில் கூவுவது போலவே, கூவ வேண்டிய இடத்தில். அந்த இடத்துக்காகவே ஊர்க்காரர்கள் இந்தத் தட்டை வாங்கினார்கள்.

வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த குருவம்மாள் டிரம் தனித்து ஒலிக்கும் இடங்களில் மட்டும் தலையைத் தூக்கினாள். சோலையின் அக்கா. பாளையம்பட்டியில் பெட்டிக்கடை வைத்திருப்பவள். கடையை அடைத்துவிட்டு டவுன் பஸ்ஸில் வந்திருந்தாள்.

"என் தம்பி கை அது," என்றாள். "ஆயிரம் பேரு அடிச்சாலும் எனக்குத் தெரியும்."

பாட்டு முடிந்தது. கைதட்டல் எழுந்து, அடங்கியது. அருஞ்சுனை கண்ணைத் திறந்தார்.

"கரண்டு போனது இந்தப் பாட்டு நடுவுலதான, தம்பி?"

"ஆமா சார்," என்றான் ராஜகுரு.

"இதுல போகவே இல்லையே."

"அந்த எடத்தை வெட்டிட்டேன் சார். கரண்டு வந்ததும் பாட்டை முதல்லேருந்து வாசிச்சோம். அதைத்தான் தட்டுல போட்டேன். இருட்டை யாரு விலை குடுத்து வாங்குவாக?"

"ரெக்கார்டர் எதுல ஓடுது?"

"பேட்டரியில. சிங்கப்பூர் சாமான்."

"அப்ப இருட்டுலயும் அது பாட்டுக்கு ஓடியிருக்கும்."

"ஓடியிருக்கும்."

"வெட்டுன துண்டு எங்க இருக்கு?"

ராஜகுரு ஒரு மஞ்சள் துணியை எடுத்துத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தான். தட்டில் தூசியே இல்லை என்பதைக் கஸ்தூரி கவனித்தாள்.

"குப்பையில போயிருக்கும் சார். அப்ப நமக்கு என்ன தெரியும்?"

கஸ்தூரியின் மனதுக்குள் ஒரு முள் நெருடியது. மறுநாளே சோலையைப் பிடித்துவிட்டார்கள். தட்டு வேலை நடந்தது அதற்குப் பிறகு. அப்போது என்ன தெரியாது இவனுக்கு? இருட்டில் நண்பன் டிரம் அடித்தானா இல்லையா என்பதற்கு உலகத்திலேயே ஒரே சாட்சி அந்தத் துண்டு. அதைக் குப்பையில் போட்டுவிட்டு, நண்பனை மீட்கத் துப்பறிவாளரைத் தேடி மதுரைக்கு வந்தது யார்? இதே ராஜகுருதான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நூல் கடையிலிருந்து காபித் தம்ளர்களோடு ராஜகுருவின் அண்ணன் சண்முகவேல் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, மெதுவான பேச்சு. கொட்டகை இடத்தை வாங்குவதாக இருந்தவர் இவர்தான். செத்துப்போன சீனிச்சாமிக்குப் பால்ய சிநேகிதரும் இவர்தான்.

"எப்படியாவது சோலையை வெளியே கொண்டாந்துருங்க," என்றார். "எங்க வீட்டுச் சோத்தைத் தின்னு வளந்த பிள்ளை. நல்லாயிருந்த மனுசன் போயிட்டான், இவனும் போகணுமா?"

"இடம் என்னாச்சுங்க?" என்று கேட்டார் அருஞ்சுனை.

"சும்மாத்தான் கெடக்கு. எனக்கு அதுல மனசு போகலை."

குருவம்மாள் எழுந்து நின்று அவர் கையிலிருந்து காபியை வாங்கினாள். "இவுக இல்லாட்டி நான் என்ன ஆயிருப்பேனோ," என்று கஸ்தூரியிடம் சொன்னாள். சண்முகவேல் அதைக் கேட்காதது போல வெளியே போனார்.

*

பஜாரில் வெயில் செருப்பைச் சுட்டது. அருஞ்சுனையும் கஸ்தூரியும் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடை நிழலில் ஒதுங்கினார்கள். அங்கேயும் அதே தட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"ஒரு கேள்வி," என்றார் அருஞ்சுனை டீக்கடைக்காரரிடம். "கடைசிக் கச்சேரிக்குப் போயிருந்தீகளா?"

"போகாம? முன் வரிசை."

"கரண்டு வந்த பிறகு ரயிலுப் பாட்டைத் திரும்ப முதல்லேருந்து பாடினாகளா?"

டீக்கடைக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். "பாடியிருப்பாகளே. தட்டுல இருக்கே."

"தட்டுல இருக்கிறதைக் கேக்கலை. உங்க காதுல கேட்டீகளா?"

அவர் வெகுநேரம் யோசித்தார். டீ ஆறிப்போனது. "இம்புட்டு நாளா கேட்டுக் கேட்டு, எது அங்க கேட்டது, எது இங்க கேட்டதுன்னே பிரிக்கத் தெரியலை சார்."

அருஞ்சுனை கஸ்தூரியைப் பார்த்தார். "பாத்தியா? ஊருக்கே ஞாபகத்தை மாத்தி வச்சிருச்சு இந்தத் தட்டு. கூட்டத்துல டிரம் கேட்டதாச் சொன்னவுகளும் இதனாலதான் இப்ப இழுக்கிறாக."

"எனக்கு வேற ஒரு சந்தேகம் சார். அந்தக் கூட்டம் ரொம்ப நல்ல கூட்டமா இருக்கு."

"அப்படின்னா?"

"மத்த பாட்டுல எல்லாம் நடுவுல விசிலு, கூப்பாடு, ஒருத்தர் யாரையோ தேடிக் கத்துறாரு, ஒரு பிள்ளை அழுகுது. இந்தப் பாட்டுல மட்டும் மூச்சுச் சத்தம் இல்லை. முடிஞ்ச பிறகு டாண்ணு கைதட்டுறாக. அருப்புக்கோட்டை ஜனம் ஒரு பாட்டுக்கு மட்டும் கான்வென்ட்டுப் பிள்ளைக மாதிரி வாயில விரலை வச்சு உக்காந்திருந்துச்சா?"

அருஞ்சுனையின் முகத்தில் சிரிப்பு லேசாக வந்தது. "ஒட்டுப்போட்ட கைதட்டல். ஆனா கோர்ட்டுல போயி, கூட்டம் விசிலடிக்கலைன்னு சொன்னா நம்மளைப் பாத்து விசிலடிப்பாக. இன்னும் கெட்டியா ஒன்னு வேணும்."

அப்போது மத்தியான ஷிப்டுக்கு மில் சங்கு ஊதியது. ஊரே காதைப் பொத்தாமல் பழகிப்போன நீளமான ஊதல். டீக்கடைக்காரர் அதற்காகப் பேச்சை நிறுத்தி, அது முடிந்ததும் தொடர்ந்தார்.

"காது கிழியுது," என்றாள் கஸ்தூரி. "நல்லவேளை, கரண்டு போனாலாவது கொஞ்சம் நிம்மதியா இருக்கும். மண்ணெண்ணெய்லயா ஊத முடியும்?"

சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள். அருஞ்சுனை காசை வைத்துவிட்டு எழுந்திருந்தார்.

"கச்சேரி அன்னைக்குக் கரண்டு போனது எப்ப?" என்று டீக்கடைக்காரரைக் கேட்டார்.

"ராத்திரி ஷிப்டு ஆளுக கெளம்புற நேரம். என் தம்பியும் மில்லுலதான். சாப்புட்டுக்கிட்டு இருந்தான், இருட்டாயிருச்சு."

"நட, கஸ்தூரி," என்றார் அருஞ்சுனை.

*

மில் கேட்டில் டைம் ஆபீஸ் ஒரு சின்ன அறை. அதற்குள் பால்ச்சாமி என்ற டைம்கீப்பர், மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். சங்கின் ஸ்விட்சு அவர் தலைக்குப் பின்னால் சுவரில் இருந்தது.

"கச்சேரி அன்னைக்கு ராத்திரி ஷிப்டுக்குச் சங்கு ஊதுச்சாங்க?" என்று அருஞ்சுனை பணிவாகக் கேட்டார்.

பால்ச்சாமியின் முகம் கதவைப் போலச் சாத்திக்கொண்டது. "ஷிப்டுன்னா சங்கு ஊதும். இதெல்லாம் நீங்க எதுக்குக் கேக்குறீக?"

"கரண்டு இல்லையே அப்ப."

"வந்திருக்கும். ஊதியிருப்போம். மில்லு விசயத்தை வெளியாளுககிட்டப் பேசக் கூடாதுன்னு மேனேஜர் உத்தரவு. வாங்க, போயிட்டு வாங்க."

கஸ்தூரிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. கரண்ட் வந்த பிறகு தாமதமாகவாவது சங்கு ஊதியிருந்தால், ராஜகுரு சொல்வது உண்மையாகிவிடும். பாட்டைத் திரும்ப வாசித்தபோது ஊதிய சங்குதான் தட்டில் இருக்கிறது என்று ஆகிவிடும். சோலைக்கு இருந்த ஒரே துரும்பும் போய்விடும். இந்த ஆள் பயப்படுகிறார் என்பது மட்டும் தெரிந்தது. எதற்குப் பயம் என்பது தெரியவில்லை.

அருஞ்சுனை திரும்பி நடக்கிற மாதிரி இரண்டடி வைத்தார். பிறகு கஸ்தூரியிடம், ஆனால் அறைக்குள் நன்றாகக் கேட்கும்படி, "அப்ப அந்தப் புகார் நெசம்தான் போல," என்றார்.

என்ன புகார் என்று கஸ்தூரிக்குத் தெரியாது. ஆனாலும் அவருடன் வேலை பார்த்துப் பழகியவள். "ஆமா சார்," என்று பெருமூச்சு விட்டாள். "பாவம், இந்த வயசுல இவருக்கு இது வேணுமா?"

"என்ன புகாரு?" என்றார் பால்ச்சாமி.

"ஒன்னுமில்லைங்க. அன்னைக்கு நீங்க தூக்கக் கலக்கத்துல ரெண்டு தடவை சங்கு ஊதிட்டீகளாம். சாவு வீடு மாதிரி ஊதினாகன்னு ஊருல பேசிக்கிறாக."

பால்ச்சாமி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "எவன் சொன்னது? ஒரு தடவையே ஊதலை, இதுல ரெண்டு தடவையா?"

மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"உக்காருங்க," என்றாள் கஸ்தூரி கனிவாக. "அந்தப் புகாரை இப்பவே தள்ளுபடி பண்ணியாச்சு."

பால்ச்சாமி உட்கார்ந்தார். வேர்த்திருந்தது. கரண்ட் இல்லாததால் கேட்டில் தொங்கும் தண்டவாளத் துண்டைச் சுத்தியலால் அடித்து ஆட்களைக் கூப்பிட்டார்களாம். பாதிப் பேர் தாமதமாக வந்தார்கள். கரண்ட் வந்தபோது எல்லோரும் உள்ளே போயிருந்தார்கள். அதற்கப்புறம் சங்கு ஊதினால் மேனேஜர் பங்களாவிலிருந்து ஆள் வந்து விசாரிக்கும் என்று விட்டுவிட்டார். ஊதினதாகவே மேலிடத்தில் சொல்லியும் வைத்திருந்தார்.

"ஒரு உசிரு போற விசயங்க இது," என்றார் அருஞ்சுனை. "கோர்ட்டுல கேட்டா இதைச் சொல்வீகளா?"

"யாரு உசிரு?"

"டிரம் அடிக்கிற சோலை."

பால்ச்சாமி கேட்டுக்கு வெளியே பார்த்தார். "இருளப்பசாமி கோயில் கொடை விழாவுல அடிப்பானே, அந்தப் பயலா?" என்றார். "சொல்றேன். மேனேஜர் என்னத்தைச் செஞ்சிருவாரு, போங்க."

வெளியே வந்ததும் கஸ்தூரி நிழலுக்குக் கூட ஒதுங்கவில்லை. "சார், ஊதாத சங்கு தட்டுல ஊதுது. அப்படின்னா அந்தப் பாட்டு அன்னைக்குப் பாடினதே இல்லை. வேற ஒரு நாள் ரிகர்சல்ல பிடிச்சதை எடுத்து, பின்னாடி கைதட்டலை ஒட்டியிருக்காரு."

"ம்."

"கரண்டு போனா எலெக்ட்ரிக் கிடாரு செத்த பாம்பு. வாசிச்சவருக்கு ரெண்டு கையும் சும்மா இருக்கும். மேடையில இருந்து பக்கவாட்டுப் படி எட்டுற தூரம். சோலையைக் காப்பாத்துற துண்டைக் குப்பையில போட்டவரும் அவரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நம்மளை வரவழைச்சவரே நம்ம தேடுற ஆளுன்னா, திரும்பிப் போக பஸ் சார்ஜ் யாருகிட்ட சார் கேக்குறது?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்," என்றார் அருஞ்சுனை. "பஸ் சார்ஜை இல்லை. கொன்னவன் எதுக்கு நம்மளைக் கூப்பிட்டு, தட்டைக் கையில குடுத்து, இத்தனை தடவை சலிக்காமப் போட்டுக் காட்டினான்?"

*

ராஜகுரு கடையில் தனியாக இருந்தான். குருவம்மாள் பாளையம்பட்டிக்குத் திரும்பிப் போயிருந்தாள். இவர்கள் முகத்தைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த சாமானைக் கீழே வைத்தான்.

"அன்னைக்குச் சங்கு ஊதலை, தம்பி," என்றார் அருஞ்சுனை.

கஸ்தூரி அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜை மேல் ஒரு கனமான ஸ்பேனர் கிடந்தது. ஆனால் அவன் அதன் பக்கம் போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தான். முகத்தில் பயம் இல்லை. வெகுதூரம் சுமை தூக்கி வந்தவன் அதை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"கண்டுபிடிச்சிட்டீகளா?" என்றான். "நல்லது சார்."

"நல்லதா?" என்றாள் கஸ்தூரி.

"அந்தப் பாட்டை ரிகர்சல்ல பல தடவை பிடிச்சு வச்சிருந்தேன். சங்கு விழுந்தது அதுல ஒன்னே ஒன்னுலதான். மத்ததெல்லாம் சுத்தமா இருந்துச்சு. தெரிஞ்சுதான் இதை எடுத்துப் போட்டேன்."

கஸ்தூரி தன் சந்தேகம் முழுவதும் தலைகீழாகப் புரள்வதை உணர்ந்தாள். கொன்றவன் தவறிப்போய் விட்ட தடயம் என்று நினைத்தது, வேண்டுமென்றே வைத்த தடயமாக இருந்தது.

"யாரைக் காப்பாத்துறீக?" என்று கேட்டார் அருஞ்சுனை. கேட்கும்போதே அவர் பார்வை நூல் கடைப் பக்கச் சுவருக்குப் போய் வந்தது.

ராஜகுரு ஸ்டூலை விட்டு எழுந்தான். அலமாரியிலிருந்த ஒரு பழைய வால்வு ரேடியோவின் பின்பக்கப் பலகையைத் திருகிக் கழற்றினான். உள்ளே கையை விட்டு ஒரு ஸ்பூலை எடுத்தான். ரெக்கார்டரில் மாட்டினான்.

பாட்டு ஓடியது. கிடார் பாதியில் அறுந்தது. ஜனங்களின் 'ஓ'வென்ற கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவே டிரம் மட்டும் தாளம் தப்பாமல் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று பலகையில் குச்சி விழுந்து உருளும் சத்தம். அந்த நொடியிலிருந்து டிரம்மின் குரல் மாறியது. ஒரு அடி குச்சியில், மறு அடி உள்ளங்கையில்.

பிறகு, படியோரம் வைத்திருந்த மைக்குக்கு மிக அருகே இரண்டு குரல்கள்.

"இந்தக் கூச்சலைக் கேளு. இதை இடிக்க எனக்கு மனசு வரலை. இடம் கெடையாது, போ."

"ஊர் முன்னாடி வாக்குக் குடுத்தீயே சீனி. தறிக்கெல்லாம் ஆர்டர் குடுத்தாச்சு. என்னைக் கேவலப்படுத்தாத."

"குடுத்தேன். இப்ப திரும்ப எடுத்துக்கிட்டேன். கையை விடு."

"விட மாட்டேன். ஏலே, நில்லு. சொல்லிக்கிட்டே இருக்கேன்ல."

ஏதோ சரிந்தது. ஒரு மொத்தென்ற சத்தம். அப்புறம் அதே குரல், அடித்தொண்டையில், "சீனி. ஏலே சீனி." பதில் வரவில்லை. படியில் யாரோ தடுமாறி இறங்கி ஓடும் ஓசை. டிரம் நிற்கவே இல்லை.

"எங்கப்பா சாகும்போது நான் பால்குடி," என்றான் ராஜகுரு. "எனக்கு எல்லாம் எங்க அண்ணன்தான். இந்தக் கிடாரு கூட அவுக வாங்கிக் குடுத்தது. நான் காட்டிக்குடுத்தேன்னு இருக்கக் கூடாது. சோலையும் சாகக் கூடாது. ரெண்டும் நடக்கணும்னா வேற யாராச்சும் தானா கண்டுபிடிக்கணும். அதான் உங்களைத் தேடி வந்தேன்."

"சங்கைக் கவனிக்கிற ஆளு வராமலே போயிருந்தா?" என்றாள் கஸ்தூரி. அவள் குரலில் கேலி இல்லை. "உங்க மனசாட்சிக்கு நீங்க சங்கை வச்சீக. அங்க ஒருத்தன் களி தின்னுக்கிட்டு இருக்கான்."

"தெனமும் அதைத்தான் என்னையே கேக்குறேன்," என்றான் அவன்.

அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது. சண்முகவேல் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்தினார். ரெக்கார்டரை நிறுத்தினார். ஸ்பூலைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

வெறும் பழுப்பு நாடா. ஒரு தீக்குச்சி போதும்.

"தம்பி," என்றார் சண்முகவேல். "இது ஒன்னுதானா?"

இன்னொன்று இருக்கிறது என்று ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் இவனுக்கு என்று கஸ்தூரி துடித்தாள். எழப் போனவளை அருஞ்சுனையின் கை தடுத்தது.

"ஒன்னே ஒன்னுதான் அண்ணே," என்றான் ராஜகுரு. "காப்பி எடுக்கலை."

சண்முகவேல் ஸ்பூலைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவன் தட்டுறதை நிறுத்தவே இல்லையே," என்றார்.

"இல்லண்ணே."

"எனக்கு அப்ப ஒன்னும் கேக்கலைப்பா. சீனி மூச்சு மட்டும் கேக்குதான்னு பாத்தேன். கேக்கலை. ஓடி வந்துட்டேன்." அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "சோலையை ரெண்டு நாள்ல விட்டுருவாகன்னு நெனச்சேன். அப்புறம் அடுத்த வாய்தாவுல விட்டுருவாகன்னு நெனச்சேன். இப்படியே நெனச்சு நெனச்சு குருவம்மாளுக்குக் காபி ஆத்திக் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

ஸ்பூலைத் தம்பியிடம் கொடுக்கவில்லை. அருஞ்சுனையின் கையில் வைத்தார்.

"ஸ்டேஷனுக்கு வாரேன். அதுக்கு முன்னால பாளையம்பட்டி போகணும். போலீஸ் சொல்லிக் குருவம்மாளுக்குத் தெரியக் கூடாது."

நால்வரும் டவுன் பஸ்ஸில் போனார்கள். பாளையம்பட்டியில் பெட்டிக்கடைப் பலகையைத் திறந்து வைத்து, குருவம்மாள் யாருக்கோ சர்க்கரை நிறுத்துக்கொண்டிருந்தாள். சண்முகவேலைப் பார்த்ததும் தராசைக் கீழே வைத்து எழுந்தாள்.

"வாங்கண்ணே. இந்த வெயில்ல இவ்வளவு தூரமா? உக்காருங்க, சோடா ஒடைக்கட்டா?"

சர்க்கரை வாங்க வந்த ஆள் பொட்டலத்தோடு போகும்வரை சண்முகவேல் காத்திருந்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, சுடுமண்ணில் வெறுங்காலோடு கடைக்கு முன்னால் நின்றார்.

"உக்கார வரலை, தாயி," என்றார்.